சவரிமுத்து அண்ணன் படகேறிய நாள்

போன வாரம் சின்னமனூரைத் தாண்டிச் சாலையோரம் காரை நிறுத்திப் பன்னீர் திராட்சை வாங்கினேன். அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்திருந்த குலைகள். கறுப்புத் தோலின் மேல் திருநீறு பூசினாற்போல் வெள்ளை படிந்திருந்தது. கூடையைப் பின் இருக்கையில் வைத்துக் கண்ணாடிகளை ஏற்றியதும் வண்டிக்குள் வாசனை நிரம்பிவிட்டது. நான் இரண்டு முறை மூக்கை உறிஞ்சிவிட்டு, "டீசல் வாசம் வருதுல்ல?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நம்ம வண்டி பெட்ரோலு" என்றாள் அவள்.

அது எனக்கும் தெரியும். வண்டியில் கோளாறு இல்லை, என் மூக்கில்தான். பன்னீர் திராட்சை வாசனை வந்தால் கூடவே டீசல் வாசனையும் வரும். டீசல் வந்தால் கூடவே உப்புத் தண்ணீரும், ஈரக் கயிறும், மீன் கூடையும் வரும். இந்தக் கோளாறு எனக்கு எப்படி வந்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லைதான். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

படிப்பை முடித்துவிட்டு எந்த வேலையும் வராமல் இருந்த காலத்தில், பழனிசெட்டிபட்டியில் சந்திரன் அண்ணன் நடத்திய டிராவல்ஸில் சேர்ந்தேன். ஒரே ஓர் அறை. வாசலில் பெரிய போர்டு. அதில் ஒரு விமானம், ஒரு கப்பல், ஒரு ரயில் மூன்றும் நடுவில் வந்து முட்டிக்கொள்ளப் போவது போல வரைந்திருக்கும். அந்த மூன்றில் எதிலும் நாங்கள் ஒருவரையும் ஏற்றி அனுப்பியதில்லை. எங்களிடம் இருந்தது ஒரு பஸ். அதில் வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், பழனி என்று சுற்றிச் சுற்றி ஆள் அனுப்புவோம். போர்டைப் பார்த்துவிட்டு ஒருவர் உள்ளே வந்து துபாய்க்கு டிக்கெட் கேட்டபோது, சந்திரன் அண்ணன் கொஞ்சமும் அசராமல், "துபாய் இப்ப சீசன் இல்லண்ணே, குற்றாலம் போறீகளா?" என்று கேட்டார்.

என்னை அவர் வேலைக்கு எடுத்துக்கொண்டது எனக்கு மலையாளம் தெரியும் என்பதற்காக. கட்டப்பனையில் ஓர் ஏலக்காய்க் கடையில் சில மாதங்கள் இருந்தேன். அங்கே பிடித்த மலையாளம். காய் பச்சையா, பழுத்ததா, ஈரம் இருக்கிறதா, எடை குறைகிறதா என்பதையெல்லாம் அந்த மொழியில் சரளமாகப் பேசுவேன். அதற்கு மேல் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டுமென்றால் கைகளைத்தான் நம்ப வேண்டும்.

கொச்சித் தீவுகள் சுற்றுலா சந்திரன் அண்ணன் மூளையில் உதித்தது. மஞ்சள் தாளில் நோட்டீஸ் அடித்தார். 'ஒரே நாளில் ஐந்து தீவுகள், படகில் உல்லாசப் பயணம்' என்று மேலே போட்டு, கீழே இரண்டு தென்னை மரங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் இதற்கு என்ன மதிப்பு என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். நாங்கள் குடிப்பதும் வயலுக்குப் பாய்ச்சுவதும் மலைக்கு அந்தப் பக்கத்து ஆற்றில் அணை கட்டித் திருப்பிய தண்ணீர். அந்த ஆறு எங்களிடம் வராத மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறது என்று எங்களில் பெரும்பாலானவர்கள் பார்த்ததில்லை. கொச்சிக்குப் பக்கத்தில்தான் கடலில் போய் விழுகிறது என்று சந்திரன் அண்ணன் சொன்னதும், ஏதோ வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்கப் போவது போல ஆட்கள் பெயர் கொடுத்தார்கள்.

வழக்கமாகக் கூட்டிப்போகும் தர்மர் அண்ணனுக்கு அந்த வாரம் பார்த்து அம்மை போட்டுவிட்டது. "நீ போயிட்டு வாடா. ஒனக்குத்தான் பாஷை தெரியும்ல" என்றார் முதலாளி. பஸ்ஸில் போகாமல் அறையில் கணக்கு எழுதிய நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. வைகை அணையையும் சுருளி அருவியையும் தேக்கடி ஏரியையும் பார்த்திருந்தேன். கடல் என்பது இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தது போல இருக்கும் என்று மனதைத் தயார் செய்துகொண்டேன்.

பஸ்ஸில் பாதிக்கு மேல் ராயப்பன்பட்டிக்காரர்கள். தீவுகளில் ஒன்றான வல்லார்பாடத்தில் மாதா கோயில் இருக்கிறது, அதற்காக வந்தவர்கள். மீதிப் பேர் தேனி, பெரியகுளம். பெரியகுளத்திலிருந்து கமலா டீச்சர் என்று ஒருவர் ஏறினார். பள்ளியில் புவியியல் நடத்துபவர். ஏறி உட்கார்ந்ததும் நோட்டீஸை நீட்டி, "இதுல அஞ்சு தீவுன்னு போட்டிருக்கீங்க. ஃபோர்ட் கொச்சியையும் சேர்த்துத்தானே?" என்றார்.

"ஆமா டீச்சர்."

"அது தீவு இல்லையே. ஒரு பக்கம் நிலத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கு. நாலு பக்கமும் தண்ணி இருந்தாத்தான் தீவு. அப்ப நாலுதான்."

நான் பஸ்ஸின் பின்பக்கம் நிறையத் தலைகளை எண்ண வேண்டியிருப்பது போல நகர்ந்துவிட்டேன்.

அங்கே பின் இருக்கையில்தான் சவரிமுத்து அண்ணனும் லூர்து அக்காவும் இருந்தார்கள். அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். பெரிய மீசை. தோளில் ஒரு சிவப்புத் துண்டு. திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். அதைவிட முக்கியமாக, ஜல்லிக்கட்டுக் காளை வளர்த்தார். அந்தக் காளை கட்டுத்தறியில் நின்று தலையை ஆட்டினாலே தெருவில் போகிறவர்கள் எதிர்ப்பக்கம் ஒதுங்குவார்களாம். அண்ணன் மட்டும் அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு சாவகாசமாகப் பேசுவாராம். அவர் எதற்கும் பயந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை என்று முன் இருக்கைக்காரர் எனக்குச் சொன்னார். அக்கா ஒல்லியான உருவம், மெதுவான பேச்சு. காலடியில் ஒரு பெரிய மூங்கில் கூடை நிறையத் திராட்சை. மாதாவுக்கு.

"தம்பி, எல்லாத் தீவுக்கும் ரோடு இருக்குல்ல?" என்று அண்ணன் கேட்டார்.

"படகுலதாண்ணே போறோம்."

"படகு சரி. ரோடும் இருக்குல்ல? ஒங்க முதலாளி இருக்குன்னாரே."

முதலாளி சொன்னால் இருக்கும் என்றேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி மெல்லச் சிரித்தது அப்போது எனக்கு ஏன் என்று புரியவில்லை.

காலையில் எர்ணாகுளம் படகுத்துறையில் போய் இறங்கினோம். முதலில் வாசனைதான். உப்பு, மீன், டீசல், யாரோ குடிக்கும் பால் விடாத கட்டன் காப்பி எல்லாம் சேர்ந்து மூக்கில் அடித்தது. எங்கள் முன்னால் தண்ணீர் நின்றது. அது காயல், உண்மையான கடல் இன்னும் தள்ளி இருக்கிறது என்று கமலா டீச்சர் விளக்கினார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அரசுப் படகுகள் வருவதும் போவதுமாக இருந்தன. ஆபீஸ் போகிறவர்கள் சாப்பாட்டுப் பையோடு நம்மூர் டவுன் பஸ்ஸில் தாவி ஏறுவது போல ஏறினார்கள். ஒருவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலேயே படகுக்குள் காலை வைத்தார். எங்கள் கூட்டம் அதைப் பார்த்து வாய்பிளந்து நின்றது.

வெலிங்டன் தீவுக்குப் போகும் படகு வந்தது. எங்கள் ஆட்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, ஆடுது", "ஏலே, பாத்துலே" என்று சத்தம் போட்டபடி ஏறினார்கள். கடைசியில் சவரிமுத்து அண்ணனும் அக்காவும். அண்ணன் துறையின் விளிம்புக்கு வந்தார். படகுக்கும் துறைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. அதில் பச்சைத் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் வந்தார்.

"நீங்க போயிட்டு வாங்கப்பா. நான் இங்கனயே இருக்கேன்."

"அண்ணே, ஒரு எட்டுத்தாண்ணே."

"இருக்கேன்னுட்டேன்ல?"

மீசை துடித்தது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் கையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. துண்டை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த தூணை இறுகப் பிடித்திருந்தது.

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். படகைப் பார்த்தார். உத்தமபாளையம் சந்தைக்குக்கூட அவர் இல்லாமல் போனதில்லை என்று பின்னால் எனக்குச் சொன்னவர், "சரி, இருங்க" என்று சொல்லிவிட்டுச் சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த இடைவெளியைத் தாண்டிப் படகுக்குள் போய்விட்டார். கூடை கையிலேயே இருந்தது. படகில் இருந்த ராயப்பன்பட்டி முழுவதும் நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தது.

எனக்கு யாரோடு இருப்பது என்று தெரியவில்லை. நல்லவேளையாக எங்கள் டிரைவர் செல்வம் அங்கேதான் டீ குடித்துக்கொண்டு நின்றார். வெலிங்டன் தீவுக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் பாலம் உண்டு என்று அவர் சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. "அண்ணன பஸ்ஸுல கூட்டிட்டு அங்கன வந்துருங்க" என்று கத்திவிட்டு நகரும் படகில் தாவினேன். அந்தத் தாவல் அழகாக இருந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "தவள மாதிரி விழுந்தீக தம்பி" என்று அக்கா பிற்பாடு திருத்தினார்.

படகு நடுத்தண்ணீருக்கு வந்ததும் அக்கா என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார். "சின்னப் பிள்ளையில ஆத்துல அடிச்சிட்டுப் போயிட்டாக தம்பி. தண்ணி தொறந்துவிட்ட நேரம். எங்கிட்டோ ஒரு வேரப் பிடிச்சுத் தொங்கிக் கெடந்தாகளாம். அன்னைல இருந்து இப்பிடித்தான். பம்புசெட்டுத் தொட்டிலகூட எறங்க மாட்டாக. வெளிய நின்னு வாளில மோந்துதான் குளிப்பாக. வெயிலு நல்லதுன்னு ஊருக்குள்ள சொல்லிக்கிறது. யாருக்கும் தெரியாது, நீங்க சொல்லிப்புடாதீக."

சொல்லிவிட்டுத் திரும்பினார். ராயப்பன்பட்டியில் பாதிப் பேர் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? அக்கா மீதியையும் சொன்னார். மூத்த மகளின் முதல் பிரசவம் சிக்கலாகி, தாய்க்கும் பிள்ளைக்கும் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்தபோது, அக்கா வல்லார்பாடத்து மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். தாயும் பிள்ளையும் தண்ணீரில் மூழ்கி உயிரோடு மீண்டு வந்த இடம் அது என்று அவர்கள் வீட்டில் சொல்லிச் சொல்லிக் கேட்டது. 'ரெண்டும் பொழைச்சா நானும் அவுகளும் ஒண்ணா வந்து மெழுகுதிரி ஏத்துறோம்.' இரண்டும் பிழைத்தன. பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அண்ணன் மட்டும் ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வல்லார்பாடத்துக்கு ரோடு இல்லை. அப்போது அந்தத் தீவுக்குப் படகு ஒன்றுதான் வழி.

"இந்தத் தடவ ஒங்க முதலாளி ரோடு இருக்குன்னதும் கெளம்பிட்டாக. இல்லன்னு எனக்குத் தெரியும். நான் வாயத் தொறக்கல."

படகு வெலிங்டன் தீவை நெருங்கியபோது எல்லோரும் முன்பக்கம் சாய்ந்து பார்த்தோம். துறையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு மீசை நின்றது. எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டார்.

"என்னப்பா, இப்பத்தான் வர்றீகளா? நான் ஒரு டீயே குடிச்சிட்டேன்."

ராயப்பன்பட்டி கைதட்டியது. வெலிங்டன் தீவு மனிதர்கள் மண்ணை அள்ளிப் போட்டு உண்டாக்கிய தீவு என்று கமலா டீச்சர் சொன்னார். அண்ணனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "அப்பிடித்தான் செய்யணும். மண்ணப் போட்டு மூடிட்டா தண்ணி என்ன செய்யும்?" கப்பல்களையும் கிரேன்களையும் பார்த்துவிட்டு மறுபடி நாங்கள் படகில், அவர் பஸ்ஸில். ஃபோர்ட் கொச்சியிலும் எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். இந்த முறை அக்காவுக்காக ஒரு இளநீரும் வாங்கி வைத்திருந்தார். இரண்டு பந்தயம் ஜெயித்த காளை மாதிரி நடை மாறியிருந்தது. "தீவெல்லாம் ரோட்டுலயே வருதுப்பா. நீங்கதான் வீணா நனையிறீக."

எனக்கு இன்னும் நினைவிருப்பது அன்றைக்கு அக்கா மாறிக்கொண்டே போனதுதான். முதல் படகில் நடுவில் இருந்த கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவர், இரண்டாவது படகில் ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்கினார். அலை தெறித்தும் முகத்தைத் துடைக்கவில்லை. மீன் கூடையோடு வந்த ஒரு மலையாளத்து அம்மாளும் அவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். அந்தம்மாளுக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு மலையாளம் தெரியாது. மொழி தெரிந்த நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது, "பாவம், அவுகளுக்கும் மூத்த மக பிரசவத்துக்கு வந்திருக்காளாம்" என்றார் அக்கா. எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

ஃபோர்ட் கொச்சியில் பெரிய பெரிய சீன வலைகளைப் பார்த்தோம். சந்திரன் அண்ணன் ஏற்பாடு செய்திருந்த எலுமிச்சம்பழச் சாதத்தைச் சாப்பிட்டோம். அடுத்தது வைப்பின் தீவு, அங்கிருந்து இன்னொரு சின்னப் படகில் வல்லார்பாடம். எதிரிலேயே தெரிந்தது வைப்பின். கூப்பிட்டால் கேட்கும் தூரம் போலத்தான் இருந்தது. ஆனால் நடுவில் கடல் உள்ளே நுழையும் வாய். கப்பல்கள் போகும் வழி. தண்ணீர் அங்கே சும்மா நிற்காது, முறுக்கிக்கொண்டு ஓடும்.

அண்ணன் செல்வத்தைப் பார்த்தார். "பஸ்ஸ எடுப்பா."

செல்வம் தலையைச் சொறிந்தார். "அங்கிட்டு ரோடு இல்லண்ணே."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன். "அது ரெண்டும்தான் சரியான தீவு" என்றார் டீச்சர், ஆறுதல் போல.

படகு வந்துவிட்டது. கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் துறையின் தூணில் சாய்ந்து நின்றுவிட்டார். இந்த முறை கோபமும் இல்லை. தலை குனிந்திருந்தது. அக்கா அவர் அருகில் போனார். தூக்குச்சட்டியை அவர் கையில் கொடுத்தார்.

"இதுல மோர் இருக்கு. குடிச்சிட்டு நெழல்ல இருங்க. நேந்துக்கிட்டது நானு. ரெண்டு பேரும் வர்றோம்னு சொன்னதும் நானு. மாதா கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன். ஒங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாக."

அதில் ஒரு சொட்டுக் குத்தல்கூட இல்லை. அதுதான் அவரைக் குத்தியிருக்க வேண்டும். அக்கா திரும்பி நடந்து படகில் ஏறினார். படகுக்காரர் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

"ஏலே! நிப்பாட்டச் சொல்லுலே!"

அண்ணன் கத்தியது என்னைத்தான். படகை நிறுத்து என்பதற்கு மலையாளத்தில் என்ன? எனக்குத் தெரிந்ததெல்லாம் தராசை நிறுத்துவதற்கான வார்த்தை. அதைக் கத்தினேன். 'எடை பார்க்காதே' என்ற பொருளில் நான் எதையோ சொல்லியிருக்கிறேன். படகுக்காரர் குழம்பிப்போய்க் கயிற்றைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அது போதுமாக இருந்தது.

அண்ணன் விளிம்பு வரை வந்தார். நின்றார். கால் எழவில்லை. நெற்றியில் வேர்வை. "முடியலத்தா" என்றார். இவ்வளவு பெரிய உடம்புக்குள்ளிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. படகில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அக்கா மறுபடி துறைக்கு வந்தார். அண்ணன் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்தார். உதறினார். அவர் கண்களை மூடி, பின்னந்தலையில் முடிச்சுப் போட்டார். பிறகு வலது கையால் அவர் கையையும் இடது கையால் அவர் முதுகையும் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, வாங்க, நம்ம வீடுதான், வாங்க" என்று பேசிக்கொண்டே நடத்தினார். எங்களுக்கெல்லாம் என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை. ராயப்பன்பட்டிக்காரர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. மிரளும் காளையை லாரியில் ஏற்றும்போது அண்ணன் செய்வது அதுதான். கண்ணைக் கட்டி, முதுகைத் தடவி, பேசிக்கொண்டே ஏற்றுவார்.

படகுக்காரரும் கை கொடுத்தார். "பேடிக்கண்டா, பேடிக்கண்டா" என்றார். பயப்படாதே என்று பொருள். இந்த ஒரு வார்த்தையை நான் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். அண்ணன் காலைத் தூக்கினார். அந்தரத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அடுத்த கணம் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளே வந்துவிட்டார்.

நடுப் பலகையில் உட்கார வைத்தோம். இரண்டு பக்கமும் இரண்டு ஆள். அக்கா எதிரில் உட்கார்ந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பொறப்படச் சொல்லு, சட்டுன்னு போயிரலாம்" என்றார் அண்ணன் கட்டிய கண்ணோடு.

"பொறப்பட்டு நேரமாச்சு" என்றார் அக்கா.

"பொய் சொல்லாத."

"நெசமாத்தான். இப்ப ஒரு கப்பலு போகுது. நம்ம சர்ச்சு ஒசரம் இருக்கும். மேல ஒரு ஆளு நின்னு துணி காயப்போடுறான். அந்தா, வலையில காக்கா உக்காந்திருக்கு. அங்கிட்டுப் பூராம் கடலு. முடிவே இல்லங்க. வானமும் அதுவும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருக்கு."

அண்ணன் மூச்சு மெல்ல அடங்கியது. அக்கா சொல்லிக்கொண்டே போனார். அவ்வளவு பேசுவார் என்று அவரோடு வந்தவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. திடீரென்று படகின் ஒரு பக்கத்திலிருந்து பெரிய கூச்சல். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். தண்ணீருக்கு வெளியே கறுப்பாக, வழவழவென்று ஒரு முதுகு வளைந்து எழும்பி உள்ளே போனது. பக்கத்திலேயே இன்னொன்று. ஓங்கில்கள், டால்பின் என்கிறோமே அதுதான். கமலா டீச்சர் பிள்ளையைப் போலக் குதித்தார். பாடம் நடத்த மறந்துவிட்டார்.

"என்னத்தா? என்ன அது? எதுக்குக் கத்துறீக?"

"எனக்குச் சொல்லத் தெரியலங்க. நீங்களே பாருங்க" என்றார் அக்கா.

அண்ணன் துண்டைப் பிடித்து இழுத்தார். முடிச்சு அவிழவில்லை. நெற்றிக்கு மேலே ஏற்றினார். தலைப்பாகை மாதிரி நின்றுவிட்டது. வெளிச்சத்தில் கண் கூசி, இமைத்து, பிறகு பார்த்தார். சரியாக அந்த நேரத்தில், அவர் ஒருவருக்காகவே காத்திருந்தது போல, ஒன்று முழு உடம்போடு மேலே வந்து, வெயிலில் மின்னி, பொத்தென்று விழுந்தது.

"ஆத்தாடி!" என்று எழுந்து நின்றுவிட்டார் சவரிமுத்து அண்ணன். "என்னா திமிலு பாருய்யா அதுக்கு! என்னா திமிலு!"

நின்றபடியே கடலைப் பார்த்தார். இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது பக்கம். பக்கத்தில் பிடித்திருந்த இரண்டு பேரும் கையை எடுத்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. படகு வைப்பின் துறையில் இடித்து நின்றபோது என்னைப் பார்த்துக் கேட்டார். "அதுக்குள்ளயுமா?"

வல்லார்பாடத்துக்குப் போகும் சின்னப் படகில் துண்டு கட்டவில்லை. அண்ணன் அக்காவின் கையைப் பிடித்த பிடியில் அக்காவின் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. அவ்வளவுதான் சேதம். கோயிலில் இரண்டு பேரும் ஒரே மெழுகுதிரியை இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டார். அண்ணன் கண்ணை மூடவில்லை. நன்றாகத் திறந்து மாதாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கண்ணை மூடியது போதும் என்று நினைத்திருக்கலாம்.

நோட்டீஸில் இருந்த ஐந்தாவது தீவுக்கு நாங்கள் போகவே இல்லை. காரணம் அண்ணன். வைப்பினுக்குத் திரும்பியதும், "இன்னொருக்கா அங்கிட்டுப் போயிட்டு வருவமா?" என்றார். ஃபோர்ட் கொச்சிக்குப் போனோம். அதே படகில் திரும்பினோம். ஓங்கில் வரவில்லை. "இன்னொருக்கா" என்றார். நான் கூட்டத்தைப் பார்த்தேன். யாராவது ஒருவர் நேரமாகிறது என்று சொன்னால் பிடித்துக்கொள்ளலாம். ஒருவரும் சொல்லவில்லை. கமலா டீச்சரிடம், "டீச்சர், தீவு எண்ணிக்கை குறையுதே" என்றேன். "தீவு எங்க போயிரப்போகுது? அங்கேயேதான் இருக்கும். இன்னொரு தடவை போவோம்" என்றார்.

கடைசியில் எர்ணாகுளத்துக்குத் திரும்பும் படகில் ஏறியபோது மாலை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற கூட்டம். மாதாவுக்குக் கொடுத்தது போக மிச்சத் திராட்சை கூடையில் பாதிக்கு மேல் இருந்தது. அண்ணன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஆடுகிற படகில் ஒவ்வொருவராகப் போய்க் குலை குலையாகக் கொடுக்க ஆரம்பித்தார். "எங்கூரு திராட்ச. தேனிப் பக்கம். சாப்பிடுங்க." தெரியாதவர் கொடுப்பதை வாங்கலாமா என்று முதலில் தயங்கியவர்கள், ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டதும் கையை நீட்டினார்கள். சீருடைப் பிள்ளைகள், நர்ஸுகள், காலிக் கூடையோடு மீன்காரம்மாக்கள். என்ஜின் அறையிலிருந்து எண்ணெய்க் கையோடு ஒருவர் தலையை நீட்டினார். அவருக்கு அண்ணன் தன் கையாலேயே ஊட்டிவிட்டார். சக்கரம் பிடித்திருந்தவர் ஒரு கையால் படகை ஓட்டிக்கொண்டு மறுகையால் தின்றார். கொட்டைகளையெல்லாம் எல்லோரும் காயலுக்குள் துப்பிக்கொண்டே வந்தோம். டீசல் புகையும் திராட்சை வாசனையும் கலந்து என் மூக்கில் ஏறி உட்கார்ந்தது அப்போதுதான்.

நான் லூர்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டேன். "அக்கா, அண்ணன் கூப்பிடாட்டி அந்தப் படகுல நீங்க போயிருப்பீகளா?"

வாயிலிருந்த கொட்டையைத் தண்ணீரில் துப்பினார்.

"போயிருப்பேன் தம்பி. நடுவுல போயி அழுதிருப்பேன். ஆனா போயிருப்பேன்."

ஐந்தாவது தீவைக் காட்டாமல் திரும்பியதற்காகச் சந்திரன் அண்ணன் என்னைத் திட்டித் தீர்த்தார். ஆனால் அடுத்த வருடம் அதே சுற்றுலாவுக்கு இடம் போதவில்லை. சவரிமுத்து அண்ணனே ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார். பிறகு வருடா வருடம் வந்தார். ஏறுகிறவர்களுக்கு விளிம்பில் நின்று கை கொடுப்பது அவர்தான். "பேடிக்கண்டா, பேடிக்கண்டா" என்பார், மலையாளம் என்றே தெரியாதவர்களிடம்கூட. பம்புசெட்டுத் தொட்டியில் இறங்குகிறாரா என்று ஒருமுறை அக்காவிடம் கேட்டேன். "இல்லையே! அது வேற தண்ணியாம்" என்று சிரித்தார்.

சில வருடங்களில் வல்லார்பாடத்துக்கும் வைப்பினுக்கும் பாலம் போட்டுவிட்டார்கள். செய்தி தெரிந்ததும் நானே ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். இனிமேல் பஸ்ஸிலேயே மாதா கோயில் வாசலில் போய் இறங்கலாம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "அத எதுக்குய்யா இப்பப் போட்டாக? கேட்ட காலத்துல போடாம" என்றார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கோயிலுக்குப் போவதானால் தனியாகப் போய், எர்ணாகுளத்தில் இறங்கி, ஏதாவது படகு ஓடுகிறதா என்று விசாரித்துத்தான் போவாராம். சந்திரன் அண்ணனும் டிராவல்ஸை விட்டுவிட்டு ஊருக்குள் ஆட்டு வியாபாரத்தில் இறங்கிவிட்டார். விமானமும் கப்பலும் ரயிலும் மோதிக்கொள்ளாமலேயே யார் வீட்டுக் கூரையிலோ தகரமாகக் கிடக்கின்றன.

இரண்டு வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு கொச்சி போனபோது மகளிடம் தீவு காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். கூகுள் மேப் வழி சொல்லிக்கொண்டே வந்தது. கார் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது, கொஞ்சம் ஓடியது, இன்னொரு பாலத்தில் ஏறி இறங்கியது. ஒரு பெட்ரோல் பங்க், ஒரு செருப்புக்கடை, ஒரு பேக்கரி, பக்கவாட்டில் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. பின் இருக்கையிலிருந்து மகள் முன்னால் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, தீவு எப்பப்பா வரும்?"

நான் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன்.

"ரெண்டு வந்து போயிருச்சும்மா" என்றேன்.

"பாலம்தானேப்பா வந்துச்சு" என்றாள்.